பஞ்சு வீட்டுக்கு வந்த தவளை

தெருமுனையில் அந்தப் பேய்ப் பட போஸ்டரை ஒட்டிய அன்று, சின்னவள் வேண்டுமென்றே சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தாள். சுற்றுவழியிலும் ஒரு போஸ்டர் இருந்தது.

போஸ்டரில் ஒரு வெள்ளை முயல், ஒரு காது மடங்கிய முயல். 'பஞ்சு வீடு' என்ற பொம்மை நிகழ்ச்சியில் அந்த மடங்கிய காதைப் பார்த்துக்கொண்டுதான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சாயங்காலப் பாலைக் குடித்து வளர்ந்தார்கள். நிகழ்ச்சி நின்று பல வருடம் ஆகிறது. இப்போது அதே முயலின் வாயோரம் ரத்தம் வழிந்தது. கீழே, 'பஞ்சு திரும்பி வந்துவிட்டது' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, 'குரல்' என்று போட்டுப் பெரியவளின் பெயர்.

சின்னவள் இரண்டு தெருவிலும் படித்தது அந்தப் பெயரைத்தான். ரத்தம் அவள் கண்ணிலேயே படவில்லை.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மாடியிலும் கீழுமாகக் குடியிருப்பவர்கள். பஞ்சு முயலின் குரல் பெரியவளுடையது. பக்கத்துக் குட்டையில் வசிக்கும் மொத்து என்கிற தவளையின் குரல் சின்னவளுடையது. இத்தனைக்கும் அந்த ஸ்டுடியோவுக்கு முதலில் போனவள் சின்னவள். "எங்க அக்கா குரலும் நல்லாத்தான் இருக்கும்" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லி, கையோடு கூட்டிப் போனவளும் அவள்தான். பெரியவள் மைக் முன்னால் நின்று "கண்ணுங்களா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். முயல் அவளுக்குப் போய்விட்டது. சின்னவளுக்கு மிச்சமிருந்தது தவளை.

ஒவ்வொரு நாள் நிகழ்ச்சியும் ஒரே மாதிரிதான் தொடங்கும். மொத்து வந்து கதவைத் தட்டும். பஞ்சு உள்ளேயிருந்து, "கதவைத் தட்டுறது யாரு?" என்று பாட்டு மாதிரி கேட்கும். அதன் கடைசி எழுத்து அடங்குவதற்குள் மொத்து கரகரவென்று பதில் சொல்லும்: "நான்தான். நானேதான். வேற யாரு வருவா உன் வீட்டுக்கு?"

இருவருக்கும் ஒரே மைக். பெரியவள் இடப்பக்கம், சின்னவள் வலப்பக்கம். தவளைக்குப் பஞ்சுவின் வீட்டைப் பார்த்து எப்போதும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, கதை அப்படி. "அந்த எரிச்சல் உங்களுக்கு ரொம்ப இயல்பா வருது" என்று அன்றைய டைரக்டர் சின்னவளைப் பாராட்டுவார். அது நடிப்பில்லை என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

நிகழ்ச்சி நின்ற பிறகும் தெருப் பிள்ளைகளுக்குப் பெரியவள் 'பஞ்சு ஆன்ட்டி'. சின்னவள், 'பஞ்சு ஆன்ட்டி வீட்டுக்குக் கீழே இருக்கிற ஆன்ட்டி'.

"உனக்கு என்னம்மா குறை?" என்றார் சின்னவளின் வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்கிற தொழில். "லிஃப்ட்ல ஏறினா உன் குரல். பேங்க்குக்கு போன் போட்டா உன் குரல். எத்தனை பேர் உன் பேச்சைக் கேட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"காத்துக்கிட்டு இருக்கிறவங்க எல்லாம் என்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"திட்டுறதுக்கும் ஒரு குரல் வேணும் இல்ல?"

படத்தின் டைரக்டர் முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாளைச் சின்னவளால் மறக்க முடியவில்லை. ஒல்லியான உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. பால் குடித்து வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் ஒருவர். மாடியில் பெரியவள் முன்னால் கைகட்டி நின்றாராம். இறங்கிப் போகும்போது மரியாதைக்குக் கீழ்வீட்டு வாசலில் நின்றார்.

"மேடம், மொத்துவைப் படத்துல வைக்க முடியலன்னு எனக்கும் வருத்தம்தான். ஆனா உங்க குரலைக் கேட்டாலே சிரிப்பு வந்துரும். பேய்ப் படத்துல ஆடியன்ஸ் ஒரு தடவை சிரிச்சுட்டா அப்புறம் பயப்பட மாட்டாங்க."

"அதுக்கென்ன, வாஸ்தவம்தானே" என்று சிரித்தாள் சின்னவள். அந்தச் சிரிப்பு கதவைச் சாத்தும்வரை தாக்குப்பிடித்தது.

பிறகு தினமும் மாடியிலிருந்து ஒத்திகை கேட்டது. பெரியவள் குரலை மாற்றவே இல்லை. தேனில் குழைத்த அதே குரல்தான். "இருட்டா இருக்கா கண்ணு? இரு, நான் வந்து உன் பக்கத்துல படுத்துக்கறேன்." கூரையைப் பார்த்தபடி சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். 'இதுக்கெல்லாம் யார் பயப்படுவா?' என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்துவிட்டு, பின்கதவுத் தாழ்ப்பாளைப் போய்ச் சரிபார்த்தாள்.

டிரெய்லர் வந்ததும் இணையத்தில் ஒரே அமர்க்களம். சின்னவள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தாள். 'என் குழந்தைப் பருவத்தைக் கொன்னுட்டீங்க, நல்லா இருப்பீங்களா?' என்று ஒருவர். 'அந்த முயல் மேல எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்' என்று ஒருவர். 'என் வீட்டுக்காரர் இதைப் பார்த்ததுலேர்ந்து லைட்டை அணைக்க விடமாட்டேங்கறார், கரண்ட் பில்லை யார் கட்டுறது?' என்று ஒருத்தி. 'பஞ்சு குரல், அப்பப்பா, உடம்பு சிலிர்க்குது' என்று எண்ணிக்கையில்லாத பேர்.

மொத்து எங்கே என்று கேட்க ஒரு நாதியில்லை. கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. 'கூட ஒரு தவளை வருமே, அது பேரு என்ன?' அதற்குக் கீழே ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'தவளையா? நினைவில்லையே.'

அன்றைக்குத்தான் சின்னவள் 'பஞ்சுவைக் காப்போம்' என்ற குழுவில் சேர்ந்தாள்.

பிள்ளைகள் நிகழ்ச்சியைப் பேய்ப் படமாக்கியதைக் கண்டிக்கும் தாய்மார்களின் குழு அது. தலைமை ஒரு பல் டாக்டர் அம்மாள். சின்னவள் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பூப்படத்தை வைத்துக்கொண்டு, 'ஒரு தாய்' என்று போட்டுக்கொண்டு எழுதினாள். 'நம் பிள்ளைகள் தூங்கும்வரை கூடவே இருந்த ஒரு முயலின் வாயில் ரத்தத்தைப் பூசியிருக்கிறார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கும் மனசாட்சி இல்லையா?' எழுத எழுத அவளுக்கே கண் கலங்கியது. கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்து ரசித்தாள்.

பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு அழுதாராம். குழு பெருத்தது. திட்டம் ஒன்று உருவானது. யோசனை சின்னவளுடையது. முதல் நாள் காலைக்காட்சிக்கு எல்லோரும் போவது. இடைவேளையில் மொத்தமாக எழுந்து வெளியேறுவது. அடுத்த காட்சிக்கு நிற்பவர்களிடம் போய், பார்க்காதீர்கள் என்று சொல்வது. முதல் நாளே பாதித் தியேட்டர் எழுந்து போனது என்று பேச்சுக் கிளம்பிவிட்டால் படம் படுத்துவிடும். இரண்டாம் பாகம் என்று பெரியவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்களே, அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

"நாம டிக்கெட் எடுத்து உள்ள போய் எதிர்ப்பு காட்டினா, அது எதிர்ப்பா ஆதரவா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"நீங்க போய் அந்த ஃப்ரிட்ஜைப் பாருங்க."

படம் வெளியான அன்று காலை பெரியவள் மாடிப்படியில் நின்று கேட்டாள். "நீயும் வாயேன் சின்னவளே. எனக்கு முன்வரிசையில இடம் போட்டிருக்காங்க. பக்கத்துல நீ இருந்தா தைரியமா இருக்கும்."

"பல் டாக்டரைப் பார்க்கப் போறேன்க்கா" என்றாள் சின்னவள். அது பொய் இல்லை.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. சின்னவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பல் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றிலும் குழுவின் தாய்மார்கள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. தூரத்தில், முன்வரிசையில், பெரியவளின் கொண்டை தெரிந்தது. பக்கத்தில் டைரக்டரின் மூக்குக்கண்ணாடி பளபளத்தது. கொண்டைக்கு மறுபக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அதற்கென்று சின்னவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. வேறு பக்கம் பார்த்தாள்.

படம் தொடங்கியது. சின்னவள் திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்தாள். பஞ்சு வீட்டின் மஞ்சள் கதவு திரையில் வந்ததும் வளர்ந்த ஆட்கள் குழந்தைகள் மாதிரி கைதட்டினார்கள். ஒருத்தி தன் பழைய முயல் பொம்மையை மடியில் வைத்திருந்தாள். முயல் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பொம்மையைக் கைப்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள். ஒரு மீசைக்காரர் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் என்றே இவருக்குத் தெரியாது. பின்வரிசையில் ஒருவன் கேலியாகச் சிரித்துக்கொண்டே இருந்தான். பெரியவளின் குரல் "கண்ணு" என்று கூப்பிட்டதும் அவன் சிரிப்பும் நின்றது.

ஒற்றை வார்த்தைக்கு அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள். சின்னவளுக்கு அடிவயிற்றிலிருந்து குபுகுபுவென்று எரிந்தது. 'நான் கூட்டிட்டு வந்து நிறுத்தினவ. என்னைக் கேட்டா சிரிப்பு வருமாம்.'

"இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று காதருகில் கிசுகிசுத்தார் பல் டாக்டர். "இடைவேளைன்னு எழுத்து விழுந்ததும் எழுந்துடணும்." அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை இருக்கைமேல் தூக்கி வைத்திருந்ததைச் சின்னவள் கவனித்தாள். எழுந்து போகப்போகிறவர் உட்காருகிற விதம் மாதிரி தெரியவில்லை.

திரையில் இருட்டு. பஞ்சு தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. படத்தில் அதுவரை எல்லோரும் பயந்தது அந்த முயலைப் பார்த்து. இப்போது வெளியே யாரோ மஞ்சள் கதவைத் தட்டினார்கள்.

டொக். டொக். டொக்.

முயலின் மடங்கிய காது மெல்ல நிமிர்ந்தது. பெரியவளின் குரல் பாட்டு மாதிரி கேட்டது:

"கதவைத் தட்டுறது யாரு?"

அமைதி. இசை இல்லை.

"நான்தான்."

அந்தக் கரகரப்பு இருட்டின் நடுவிலிருந்து வந்தது. திரையிலிருந்து வரவில்லை. ஜனங்களுக்குள்ளிருந்து வந்தது.

"நானேதான். வேற யாரு வருவா உன் வீட்டுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் சின்னவளுக்கே, பேசியது தன் வாய் என்று உறைத்தது. வருடக்கணக்காக அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொள்ளும். இன்றும் கேட்கவில்லை.

தியேட்டர் அலறியது. அப்படியோர் அலறலை அந்தப் படம் அதுவரை வாங்கியிருக்கவில்லை. பாப்கார்ன் மழையாகப் பெய்தது. மீசைக்காரர் பக்கத்துக்காரரின் மடியிலேயே ஏறிவிட்டார். திரையில் இடைவேளை என்று எழுத்து விழுந்து விளக்குகள் எரிந்தபோது பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் வாசல் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் தங்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது தவளை இல்ல? மொத்து!"

"மொத்துவேதான். எங்கேர்ந்து வந்துச்சு?"

"தியேட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் வச்சிருக்காங்கப்பா. என்னமா யோசிச்சிருக்கான் டைரக்டர்!"

"சின்ன வயசுல அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்ப எனக்குக் கால் ஆடுது பாரு."

சின்னவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "வாங்க, போகலாம்" என்றாள் பல் டாக்டரிடம். "இடைவேளை ஆயிடுச்சு."

பல் டாக்டர் எழவில்லை. வாயைப் பிளந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி மாதிரி அவ்வளவு அகலமாக.

"நீங்கதானா மொத்து?" என்றார். "என் பொண்ணு சாப்பிட மாட்டேன்னா உங்க குரல்ல மிரட்டித்தான் ஊட்டுவேன்." கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "உட்காருங்க. எங்கேயும் போக வேண்டாம். மொத்து வந்திருக்குன்னா அந்த முயலை என்ன பண்ணப்போகுதுன்னு பார்க்காம எப்படிப் போறது?"

"நாம வெளியேறணும். எதிர்ப்பு."

"எதிர்ப்பை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

தாய்மார்கள் யாரும் நகரவில்லை. இத்தனை நாள் தானே ஊதி வளர்த்த நெருப்பின்மேல் தன் வாயாலேயே தண்ணீரை ஊற்றியாயிற்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னவள் மட்டும் வெளியே நடந்தாள். அந்த முதல் நாள் முதல் காட்சியிலிருந்து வெளியேறிய ஒரே ஆள் அவள்தான்.

வாசலுக்கு வெளியே பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் டைரக்டர், மூச்சு வாங்க.

"பல் வலி தேவலையா?" என்றாள் பெரியவள்.

சின்னவள் தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மேடம், நீங்கதானா?" டைரக்டருக்குக் கண்ணாடி நிலைகொள்ளவில்லை. "அந்த இடத்துல அவ்வளவு நீளமா அமைதி வேணாம், வெட்டிடலாம்னு நான் சொன்னேன். இவங்கதான் விடல. டப்பிங்ல கேள்வியைக் கேட்டுட்டு அடுத்த வரியையே பேசாம நின்னாங்க. நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். பயத்தைக் கூட்டுறதுக்காக விட்ட இடைவெளின்னு நினைச்சேன்."

"பயமாவது ஒண்ணாவது" என்றாள் பெரியவள். "கேட்டேன். இவ சொல்லணுமே, அதுக்காக நின்னேன். பக்கத்துல ஆள் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது." சின்னவளின் தலைத்துணியை அவிழ்த்து மடித்தாள். "ஆமா, அந்தக் 'குரலுக்குச் சொந்தக்காரிக்கு மனசாட்சி இல்லையா'ன்னு எழுதினது நீதானே? 'வாயில் ரத்தத்தைப் பூசி'ன்னு படிச்சதுமே நினைச்சேன். கோபம் வந்தா நீ இப்படித்தான் பேசுவே."

சின்னவள் தரையைப் பார்த்தாள். பாப்கார்ன் கிடந்தது.

"நல்லாத்தான் எழுதியிருந்தே" என்றாள் பெரியவள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாளிலிருந்து ஒவ்வொரு தியேட்டரிலும் அந்த இடம் வந்ததும் ஜனங்களே "நான்தான், நானேதான்" என்று கோரஸாகக் கத்தினார்கள். கத்திவிட்டுத் தாங்களே பயந்தார்கள். படம் ஓடிற்று. பல் டாக்டர் குழுவின் பெயரை 'மொத்துவை மீட்போம்' என்று மாற்றினார்.

டைரக்டர் மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்த முறை மாடிக்குப் போகவில்லை. கீழ்வீட்டில் கைகட்டி நின்றார்.

"ரெண்டாம் பாகம் முழுக்க மொத்துதான் மேடம். பஞ்சு கிடையாது. முதல் பாகத்தோட செத்துட்டதா வச்சுக்குவோம். தவளை மட்டும் தனியா."

மாடியிலிருந்து டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்த பெரியவளின் முகத்தில் ஒரு சிரிப்பு அப்படியே நின்றது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்" என்றாள். மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அந்தச் சிரிப்பு தாக்குப்பிடித்திருக்கும். சின்னவளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். அவளும் போட்ட கணக்குதானே. வாழ்க்கையில் அத்தனை ருசியான டீயை அவள் குடித்ததில்லை.

ரெக்கார்டிங் நாள் வந்தது. கண்ணாடி அறை, ஒற்றை மைக், காதில் ஹெட்போன். சின்னவள் பழக்கத்தில் வலப்பக்கமாக நின்றாள். "நடுவுல நில்லுங்க மேடம்" என்றார் ஒலிப்பதிவாளர். நடுவில் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். குரல் வந்தது, லிஃப்ட்டின் குரல். 'கதவு மூடுகிறது' என்பது போல, 'நான்தான்' என்றது. மறுபடி. பேங்க்கின் குரல்.

தவளை ஒருநாளும் முதலில் பேசியதில்லை. யாராவது கேட்டால்தான் அதற்குப் பேச்சு. ஒலிப்பதிவாளர் தன் கனத்த குரலில் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார், ஆகவில்லை. டைரக்டர் கேட்டுப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரும் கேட்டுப் பார்த்தார்.

"நீங்க கேட்டா, கரண்ட் பில் கொண்டு வந்திருக்கேன்னுதான் பதில் வரும்" என்றாள் சின்னவள்.

"அப்ப அண்ணிக்கு ஒரு போன் போடேன். இதுல கழட்டிப் பார்க்க ஒண்ணும் இல்லை."

"மாட்டேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. 'வேற யாரையாவது வச்சுப் பார்க்கலாமா?' என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டது உதட்டசைவில் தெரிந்தது. சின்னவள் போனை எடுத்தாள்.

"அக்கா. கொஞ்சம் ஸ்டுடியோ வரைக்கும் வர முடியுமா?"

"துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் பெரியவள். "எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்கு நான் வரணும்?"

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க கேட்டாத்தான் எனக்கு வருதுக்கா."

மறுமுனையில் ஈரத்துணியை உதறும் சத்தம் மட்டும். பிறகு, "சரி, வரேன்" என்றாள். அந்த 'சரி'யில் இருந்த திருப்தியை எத்தனை காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

வேண்டிய மட்டும் காக்க வைத்துவிட்டு வந்தாள். நல்ல உடை, நேர்த்தியான கொண்டை. நேராகக் கண்ணாடி அறைக்குள் வந்து இடப்பக்கம் நின்றாள். சின்னவள் வலப்பக்கம் நகர்ந்தாள்.

"உங்க குரலைப் படத்துலேர்ந்து எடுத்துடுவோம் மேடம்" என்று ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தெரியும்ப்பா." மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த மரப்பலகையில் பெரியவள் விரலால் தட்டினாள். டொக், டொக், டொக். "கதவைத் தட்டுறது யாரு?"

"நான்தான். நானேதான். வேற யாரு வருவா உன் வீட்டுக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டைரக்டர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார். சின்னவளைப் பார்த்து.

பெரியவள் அதைக் கவனித்தாள். பிறகு மைக்கை நோக்கிக் குனிந்து, தேனில் குழைத்த அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இன்னொரு தடவை எடுத்துக்கலாமே. பாவம், அவ இதைவிட நல்லாவே பண்ணுவா. நான் சொல்லிக்கொடுக்கறேன்."

சின்னவளின் அடிவயிற்றில் அந்தப் பழைய நெருப்பு குப்பென்று பற்றிக்கொண்டது. நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு ஏறியது.

டொக், டொக், டொக்.

இந்த முறை வந்த குரலைக் கேட்டு ஒலிப்பதிவாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதுதான்" என்றார் டைரக்டர். "இதேதான். பெரிய மேடம், நீங்க தினமும் வந்துடுங்க."

"வரேன்" என்றாள் பெரியவள், சின்னவளைப் பார்த்துக்கொண்டே. "நான் இல்லாம இவளுக்கு எப்படி வரும்?"